பிணைத்தல் வேறு, இணைத்தல் வேறு: கார் புளூடூத்துக்கு இரண்டு சொல்

"போனை கார்ல கனெக்ட் பண்ணு" என்கிறோம், "பேர் (pair) பண்ணியாச்சா?" என்றும் கேட்கிறோம். இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். தமிழில் எழுதும்போது மட்டும் இரண்டையும் 'இணை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அதனால் கோளாறு வந்தால் எங்கே கைவைப்பது என்று தெரிவதில்லை.

பேர் பண்ணுவது ஒரு முறை நடப்பது. காரின் திரையும் போனும் ஒன்றையொன்று அறிந்து, 128 பிட் நீளமுள்ள ரகசியத் திறவி ஒன்றை, அதாவது ஒரு ரகசிய எண்ணை, உண்டாக்கி, இரண்டு பக்கமும் சேமித்துக்கொள்கின்றன. கனெக்ட் ஆவது ஒவ்வொரு நாளும் நடப்பது. வண்டியைக் கிளப்பியதும் அந்தத் திறவியைச் சரிபார்த்துத் தொடர்பு திறக்கிறது.

முதலாவதற்குப் 'பிணைத்தல்' பொருத்தமான சொல். களத்தில் போரடிக்க மாடுகளை ஒரே கயிற்றில் கட்டிச் சுற்றவிடுவதைப் பிணையல் என்பார்கள். பிணை என்றால் ஜாமீன் என்ற பொருளும் உண்டு. கட்டு, நம்பிக்கை என்ற இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. அன்றாடத் தொடர்புக்கு 'இணைத்தல்' போதும்.

புளூடூத் என்ற பெயர் பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்டின் பட்டப்பெயர். நீலப்பல் என்று பொருள். சிதறிக் கிடந்த டேனியர்களை அவர் ஒன்றாக்கினார். அதுபோல இந்த நுட்பம் கணினியையும் கைப்பேசியையும் ஒன்றாக்கும் என்று சொல்லி, இன்டெல் பொறியாளர் ஜிம் கார்டாக் 1997இல் அதைத் தற்காலிகப் பெயராக முன்வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. சின்னத்தில் இருப்பவை ஹரால்டின் பெயர் முதலெழுத்துகளுக்குரிய இரண்டு ரூனிக் எழுத்துகள், அதாவது பழைய வட ஐரோப்பிய எழுத்துகள்.

தமிழில் 'ஊடலை' என்ற ஆக்கம் இணையத்தில் சுற்றுகிறது: ஊடு, அலை. சுருக்கமான சொல்தான். ஆனால் வாக்கியத்துக்கு நடுவே வந்தால் 'ஊடல்' இரண்டாம் வேற்றுமை ஏற்றதாகவே கண் படிக்கிறது. ஆள்பெயரிலிருந்து வந்த பெயர் என்பதால் புளூடூத் என்றே எழுதலாம்; தமிழ்ச்சொல் தேவைப்படுவது வினைகளுக்கு.

பிணைக்கும்போது வண்டி நின்றிருக்க வேண்டும். ஓடும்போது பல கார்கள் அந்தப் பட்டியலையே திறக்காது. காரின் திரையில் புளூடூத் அமைப்புக்குப் போய் 'புதிய சாதனம்' தொடுங்கள். போனிலும் புளூடூத் பக்கத்தைத் திறந்தே வைத்திருங்கள். ஐபோன் அந்தப் பக்கம் திறந்திருக்கும்வரைதான் புதிய கருவிகளின் கண்ணில் படும். இரண்டு திரையிலும் ஆறு இலக்க எண் ஒன்று வரும். ஒரே எண்தானா என்று பார்த்து இரண்டிலும் சம்மதம் கொடுங்கள். அருகில் வேறொரு வண்டியும் பிணைப்புக்குக் காத்திருந்தால், தவறான வண்டியோடு கட்டிக்கொள்ளாமல் காப்பது இந்த எண்தான். 2007இல் வந்த புளூடூத் 2.1க்கு முந்தைய ஸ்டீரியோக்கள் கடவெண் கேட்கும். பெரும்பாலும் 0000 அல்லது 1234.

இனி கோளாறுகள். போனில் மட்டும் காரின் பெயரை அழித்துவிட்டு மறுபடி முயன்றால், கார் பழைய திறவியையே நீட்டும், போன் மறுக்கும். இது பிணைப்புக் கோளாறு. இரண்டு பக்கமும் அழித்துவிட்டுப் புதிதாகப் பிணைத்தால்தான் தீரும். காரின் நினைவில் சாதனப் பட்டியல் நிரம்பியிருந்தாலும் புதிய போன் ஏறாது. பழைய பெயர் ஒன்றை நீக்க வேண்டும்.

உங்கள் போன் கையில் இருக்க, வீட்டுக்குள் இருக்கும் மனைவியின் போனை வாசலில் நிற்கும் கார் பிடித்துக்கொண்டால் அது இணைப்புச் சிக்கல். பிணைப்பில் குறையில்லை, எதையும் அழிக்க வேண்டாம். காரில் உங்கள் போனை முன்னுரிமைச் சாதனமாக வையுங்கள்.

பேச்சு கேட்கிறது, பாட்டு வரவில்லை என்றாலும் அப்படித்தான். அழைப்பு ஒலியும் ஊடக ஒலியும் தனித்தனித் தடங்கள். ஆண்ட்ராய்டில் காரின் பெயருக்குப் பக்கத்திலுள்ள பல்சக்கரத்தைத் தொட்டால் இரண்டுக்கும் தனிப் பொத்தான்கள் இருக்கும். ஊடக ஒலி அணைந்திருக்கிறதா பாருங்கள். அழைப்பவர் பெயர் வராமல் எண் மட்டும் வந்தால், தொடர்புகளைப் பகிரும் அனுமதி கொடுக்கப்படவில்லை.

காரை விற்கும்போதோ வாடகை வண்டியைத் திருப்பித் தரும்போதோ இணைப்பைத் துண்டித்தால் மட்டும் போதாது. போன் விலகிப் போனாலும் பிணைப்பும், பல வண்டிகளில் நகலெடுத்த தொடர்புப் பட்டியலும் காரிலேயே தங்கிவிடும். காரின் திரையில் 'பிணைப்பு நீக்கு' என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் 'டெலீட்' என்றோ 'ஃபர்கெட்' என்றோ இருக்கும். அதைத் தொட்டுவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.