வாங்க வந்தவர் காவலராக இருந்தால்

“வாங்க வந்தவரே போலீஸ் என்றால், தப்பு செய்யத் தூண்டியது அவர்தானே, சார்? என் மகன் மேல் மட்டும் எப்படி வழக்குப் போட்டார்கள்?” மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவருடைய மகன், விடுதி நண்பன் மூலம் அறிமுகமான ஒருவர் கேட்டார் என்பதற்காக ஒரு கஞ்சாப் பொட்டலத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போயிருக்கிறான். அங்கே அவனுக்காகக் காத்திருந்தவர் மஃப்டியில் வந்த காவலர்.

மாறுவேடக் காவலரை நாயகனாகக் கொண்ட திரைக்கதைகள் பெரும்பாலும் கைதோடு முடிந்துவிடுகின்றன. வழக்கறிஞர்களான எங்கள் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்தக் காவலர் சாட்சிக் கூண்டில் ஏறி, யாரிடம் என்ன பேசினார், முதலில் கேட்டது யார், எத்தனை முறை கேட்டார் என்று குறுக்கு விசாரணையில் பதில் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே குற்றம் செய்துகொண்டிருப்பவருக்கு ஒரு வாய்ப்பைக் காட்டிப் பிடித்தாரா, அந்த எண்ணமே இல்லாதவரின் மனத்தில் அதை விதைத்தாரா என்பதுதான் அந்தக் கேள்விகளின் சாரம்.

அமெரிக்காவில் மதுவிலக்கு நடப்பில் இருந்த 1930-இல், வட கரோலினாவில் மதுவிலக்கு அதிகாரி ஒருவர் சுற்றுலாப் பயணி என்று சொல்லிக்கொண்டு சாரல்ஸ் என்பவரின் வீட்டுக்குப் போனார். முதல் உலகப் போரில் இருவரும் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள் என்று தெரிய வரவே, பேச்சு போர்க்கால நினைவுகளில் நீண்டது. நடுவில் அதிகாரி மது கேட்டார், சாரல்ஸ் மறுத்தார். அவர் திரும்பத் திரும்பக் கேட்கவே, சாரல்ஸ் வெளியே போய் அரை காலன் விஸ்கி கொண்டுவந்து 5 டாலருக்குக் கொடுத்தார், கைதும் ஆனார். குற்ற எண்ணத்தை அரசு ஊழியரே உருவாக்கிவிட்டு அதற்காக ஒருவரைத் தண்டிப்பது சட்டத்தின் நோக்கமாக இருக்க முடியாது என்று கூறி, அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1932-இல் அந்தத் தண்டனையை நீக்கியது. பிரிட்டனிலும், காவலரே குற்றத்தை உருவாக்கியிருந்தால் வழக்கையே நிறுத்திவைக்கலாம் என்று 2001-இல், அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை தீர்ப்பளித்தது.

இந்தியாவில் நிலைமை வேறு. காவலர் தூண்டினார் என்பதை முழுமையான தற்காப்பாக ஏற்கும் சட்டப் பிரிவு எதுவும் நம்மிடம் இல்லை. சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே ஒருவரை அவரால் தாங்க முடியாத அளவுக்குச் சபலத்துக்கு உள்ளாக்கக் கூடாது என்று நம் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த விவியன் போஸ் எழுதியது உண்மை. நாங்களும் அதை எடுத்துச் சொல்லி வாதாடுகிறோம். ஆனாலும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35, 54 ஆகிய பிரிவுகள், பொருள் கைவசம் இருந்தது நிரூபிக்கப்பட்டதும் குற்ற மனநிலையை அனுமானித்துக்கொள்கின்றன. அனுமானம் தவறு என்று காட்டும் சுமை பிடிபட்டவர் தலையில் விழுகிறது. “நண்பனுக்காகத்தான் எடுத்துப் போனேன், காசு வாங்கவில்லை” என்று சொல்லும் பிள்ளைகளுக்கு, விற்பது மட்டுமன்றி வைத்திருப்பதும் எடுத்துச் செல்வதும் குற்றம் என்பது தெரிவதில்லை. கஞ்சா 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. மெத்தம்பெட்டமைன் என்ற செயற்கைப் போதைப்பொருளுக்கோ 50 கிராமைத் தாண்டினாலே வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தபட்சத் தண்டனையே 10 ஆண்டு. கலப்படப் பொருளின் எடையும் சேர்த்தே கணக்கிடப்படும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

மஃப்டியில் ஒருவர் வந்து பிடித்தால் ஓடவோ எதிர்க்கவோ வேண்டாம். அடையாள அட்டையைக் கேளுங்கள். கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும் என்று, குற்ற வழக்கு நடைமுறைகளுக்கான இன்றைய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 36-ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் என்று சொல்லி வழிப்பறி செய்பவர்களும் இருப்பதால் இது வெறும் சம்பிரதாயமன்று. கைதுக்கான காரணத்தைச் சொல்வதும், குடும்பத்தாருக்குத் தெரிவிப்பதும், 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்துவதும் காவலரின் கடமை. போதைப்பொருளுக்காக உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நடுவர் முன்னிலையில் சோதனை நடத்தக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதை அவரே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் இந்த உரிமையைத் தரும், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு உடல் சோதனைக்கு மட்டுமே பொருந்தும், கையில் உள்ள பைக்குப் பொருந்தாது. எழுதப்படாத வெள்ளைத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையொப்பம் இடாதீர்கள். கைபேசி உரையாடல்களை அழிக்காதீர்கள். முதலில் கேட்டது யார் என்பதற்கு பல வழக்குகளில் அதைத் தவிர வேறு சான்று இருப்பதில்லை.

பிள்ளை பழக்கத்துக்கு அடிமையாகியிருந்தால் அதை மறைத்து வைக்காதீர்கள் என்று பெற்றோரைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த நிறுவனத்திலோ சிகிச்சை பெறுபவருக்கு, சொந்தப் பயன்பாடு, சிறிய அளவு ஆகிய குற்றச்சாட்டுகளில் அதே சட்டத்தின் 64ஏ பிரிவு வழக்கிலிருந்து பாதுகாப்பு தருகிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம்.

அந்த மாணவனின் உரையாடல்களை நான் வரி வரியாகப் படித்தேன். மஃப்டிக் காவலர் மூன்று முறை கேட்டிருந்தார், இரண்டு முறை பையன் “வேண்டாம்ணா” என்று மறுத்திருந்தான். அது எங்களுக்குச் சாதகமான சான்று. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே வேறு மூன்று நண்பர்களுக்கு அவன் வாங்கிக் கொடுத்ததும் அதே கைபேசியில் இருந்தது. அதை அந்தத் தாயிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.