ஸ்பார்ஸ் செக்அவுட்: 'அரிதான' அல்ல, 'ஐதான'

நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்து வைக்கும் மென்பொருள் கிட். அதன் 'ஸ்பார்ஸ் செக்அவுட்' என்ற கட்டளையை 'அரிதான சரிபார்ப்பு' என்று எழுதுகிறார்கள். இரண்டே சொல், இரண்டும் பிழை. அரிது என்றால் எப்போதாவது கிடைப்பது. இங்கே அப்படி எதுவும் இல்லை. யாரும் எதையும் சரிபார்க்கவும் இல்லை.

ஸ்பார்ஸ், 'தூவு' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. நெருக்கமில்லாமல் இடைவெளிவிட்டு இருப்பதைக் குறிக்கும். செக்அவுட் என்பது களஞ்சியத்தில், அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த கிடங்கில், சுருக்கி வைத்த கோப்புகளை வேலைக் கோப்புறையில் விரித்து வைப்பது. கேட்ட கோப்புறைகளை மட்டும் விரித்தால் ஸ்பார்ஸ் செக்அவுட். 2020 ஜனவரியில் வந்த கிட் 2.25இல் இதற்குத் தனிக் கட்டளையே கிடைத்தது.

'அரிதான' வேண்டாம் என்றால் உடனே 'பகுதி' என்கிறார்கள். அதுதான் இன்னும் பெரிய தொல்லை. களஞ்சியத்தை நம் கணினிக்கு நகலெடுப்பது குளோன். அதில் 'பார்ஷியல் குளோன்' என்று வேறொன்று இருக்கிறது. 'பகுதி நகல்' என்ற பெயர் அதற்கே உரியது. ஸ்பார்ஸ் செக்அவுட் வட்டில் எது விரிகிறது என்பதைக் குறைக்கிறது, பார்ஷியல் குளோன் வலையில் எது இறங்குகிறது என்பதைக் குறைக்கிறது. பெயர் குழம்பினால் வேலையும் குழம்பும். முழுக் களஞ்சியத்தையும் குளோன் செய்துவிட்டு ஸ்பார்ஸ் செக்அவுட் போட்டால், இறங்கிய ஜிபி ஒன்றும் குறையாது. வரலாறு முழுக்க உள்ளேதான் இருக்கும். பகுதி நகலை மட்டும் எடுத்தாலோ, முதல் செக்அவுட்டிலேயே இப்போதைய பதிப்பின் எல்லாக் கோப்புகளும் இறங்கிவிடும். இரண்டும் சேர வேண்டும்: குளோன் கட்டளையில் ஃபில்டருக்கு 'பிளாப்:நன்' (கோப்பு உள்ளடக்கம் இப்போது வேண்டாம்) கொடுத்து, 'ஸ்பார்ஸ்' தெரிவையும் சேர்க்க வேண்டும். அப்போது மேல்மட்டக் கோப்புகள் மட்டும் விரியும். பிறகு ஸ்பார்ஸ்-செக்அவுட்டின் 'செட்' கட்டளையில் வேண்டிய கோப்புறைகளைச் சொல்ல வேண்டும். பொது நூலகக் கோப்புறையை விட்டுவிட்டால், நிரலைத் தொகுக்கும் பில்ட் உடையும். 'ஆட்' கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

மைக்ரோசாஃப்ட்டின் விண்டோஸ் களஞ்சியத்தில் 2017இல் சுமார் 35 லட்சம் கோப்புகள், 300 ஜிபி. அத்தனையையும் விரித்து வைத்தால், எது மாறியிருக்கிறது என்று காட்டும் 'ஸ்டேட்டஸ்' கட்டளை ஒவ்வொரு கோப்பையும் தொட்டுப் பார்த்துத்தான் பதில் சொல்லும். அந்த அளவில் 'குளோனைக் குறை', 'விரிப்பைக் குறை' இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது?

ஸ்பார்ஸுக்குத் தமிழில் புதுச்சொல் தேவையே இல்லை. 'ஐது' பழஞ்சொல், அடர்த்திக்கு எதிர். இலங்கைப் பாடநூல்களில் 'ஐதான அமிலம்' இன்றும் புழங்குகிறது. தமிழ்நாட்டில் 'நீர்த்த அமிலம்' என்று படித்தவர்களுக்கு முதலில் விநோதமாக இருக்கலாம். ஆனாலும் பொருள் இம்மி பிசகாது. ஆகவே 'ஐதான விரிப்பு'. விரிப்பு என்றதும் ஜமக்காளம் நினைவுக்கு வருகிறவர்கள் 'ஐதான செக்அவுட்' என்றே எழுதட்டும், அதில் தவறில்லை. தூய தமிழில் தவறாகச் சொல்வதற்கு, கலப்பில் சரியாகச் சொல்வது மேல்.

'ஷாலோ குளோனை' 'மேலோட்டமான நகல்' என்பதும் இதே சோம்பல்தான். அது கடைசிச் சில கமிட்டுகளோடு, அதாவது வரலாற்றில் பதிந்த மாற்றங்களோடு, நின்றுவிடும் நகல். 'ஆழம் குறைந்த நகல்' போதும். ஆழம் 1 என்று, கடைசிக் கமிட்டை மட்டும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் 'பிளேம்' போட்டால், எல்லா வரிகளும் அந்த ஒரே கமிட்டின் தலையில் விழும். 'மேலோட்டமான' என்ற சொல்லைப் படித்தவருக்கு அதன் காரணம் எங்கே புரியப்போகிறது?