எதிர்மலையில் டவர் தெரிகிறது, சிக்னல் எங்கே போகிறது?

குன்னூர், கோத்தகிரி, குந்தா பகுதி மலைகளில் கம்பியில்லாத் தகவல்தொடர்புக் கருவிகளை நிறுவிப் பராமரிக்கும் பணியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலும் எஸ்டேட் லயன் வீடுகளிலும் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். "எதிர்ல டவர் நிக்குது சார், ராத்திரியில அதோட சிவப்பு லைட்டுகூடத் தெரியுது. ஆனா வீட்டுக்குள்ள ஒரு கோடுகூட வரமாட்டேங்குது, ஏன்?" கேட்பவர்களின் ஆற்றாமை நியாயமானது. மழைக்காலத்தில் சாலை அடைபட்டுவிட்டால் அந்த ஒரு கோடுதான் மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடையே மிஞ்சும் வழி. அதனால் இந்தக் கேள்விக்கு விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

டவரின் உச்சியில் நீள்சதுரமாகத் தெரியும் ஆன்டெனாக்கள் குண்டு பல்பைப் போல எல்லாப் பக்கமும் அலையைப் பரப்புவதில்லை. டார்ச் விளக்கைப் போல ஒரு திசையில் பாய்ச்சுகின்றன. பக்கவாட்டில் அந்த வீச்சு அகலமாக இருந்தாலும், மேலும் கீழுமாகப் பார்த்தால் பெரும்பாலும் சில பாகை அளவுக்கே விரியும். சமவெளியில் இது குறையாகத் தெரியாது. மலை முகட்டில் டவர் நின்று, அதன் காலடியில் முந்நூறு அடி பள்ளத்தில் வீடு இருந்தால், அலை அந்த வீட்டின் தலைக்கு மேலே கடந்து எதிர்ச்சரிவுக்குப் போய்விடும். விளக்கின் அடியில் இருட்டு என்பது இங்கே உவமையாக அன்றி உள்ளபடியே நடக்கிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி எதிர்மலையில் இருப்பவருக்கு நான்கு கோடு. டவருக்கு நிலம் கொடுத்தவரின் வீட்டில் ஒன்றுமில்லை. அதோடு, கண்ணில் படும் டவரில் உங்கள் நிறுவனத்தின் கருவி இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

அடுத்தது அலையின் நீளம். இதைப் புரிந்துகொள்ள இத்துறையின் தொடக்க காலத்துக்குப் போவது உதவும். கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் உண்டு என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கணக்கில் காட்டியதை, 1887–88 ஆண்டுகளில் ஹெர்ட்ஸ் தம் ஆய்வகத்தில் உண்டாக்கியே காட்டினார். 1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் சில மில்லிமீட்டர் நீளமே உள்ள அலைகளைக் கொண்டு தொலைவிலிருந்தே மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். மார்க்கோனி 1901 டிசம்பர் 12 அன்று இங்கிலாந்திலிருந்து நியூஃபவுண்ட்லாந்துக்கு, அட்லாண்டிக் கடலைத் தாண்டி, குறிப்பொலியை அனுப்பியது நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள அலையில். இந்த இருவரையும் ஓர் அளவுகோலின் இரு முனைகளாக நான் பார்க்கிறேன். நீண்ட அலை மலையையும் பூமியின் வளைவையும் சுற்றிக்கொண்டு வெகுதூரம் போகும். ஆனால் அதில் ஏற்றி அனுப்பக்கூடிய செய்தி கொஞ்சம்தான். நீளம் குறைந்த அலையில் வண்டி வண்டியாகச் செய்தியை ஏற்றலாம். குறுக்கே ஒரு மேடு வந்தால் அது அங்கேயே நின்றுவிடும்.

இன்று நம் கைபேசிகள் பயன்படுத்தும் அலைகள் இவற்றுக்கு நடுவே இருக்கின்றன. அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை மெகாஹெர்ட்ஸில் சொல்வார்கள்; அந்த எண் கூடக் கூட அலையின் நீளம் குறையும். 700 மெகாஹெர்ட்ஸ் என்றால் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர்; 900 என்றால் 33; 2300 என்றால் 13; ஐந்தாம் தலைமுறைக்கு நகரங்களில் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை ஒரு சாண்கூட இல்லை, 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. 2022 அக்டோபர் 1 அன்று நாட்டில் 5ஜி தொடங்கப்பட்டது. அதற்குப் பின், "ஊட்டி சேரிங் கிராஸில் அவ்வளவு வேகம், எங்கள் ஊரில் ஏன் இல்லை" என்று பலர் வருந்துகிறார்கள். ஒரு முகடும், அதன் மேல் நிற்கும் கற்பூர மரங்களும், மழையில் நனைந்த சில்வர் ஓக் இலைகளும் போதும், அந்த அலை நின்றுபோக. அப்படிப்பட்ட இடத்தில் கைபேசியின் அமைப்புக்குள் சென்று 4ஜி என்று மாற்றி வைத்துக்கொண்டால் பேச்சு தடையின்றிப் போவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

உயரம் எதிரியாக மட்டும் இருப்பதில்லை. பழனி மலையில் கொடைக்கானலில் இருக்கும் அகில இந்திய வானொலியின் 100.5 மெகாஹெர்ட்ஸ் பண்பலையைத் தென்மாவட்டங்களில் கேளாத வீடு அரிது. சுமார் 2100 மீட்டர் உயரத்திலிருந்து ஒலிபரப்பினால், தடையற்ற சமவெளியில் 180 கிலோமீட்டர் அளவுக்கு அலையின் தொடுவானம் விரியும். நம் நீலகிரியிலும் மலையின் வாகு ஒரு பெரும் அறிவியல் வேலைக்குப் பயன்பட்டிருக்கிறது. விண்ணிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்பதற்காக முத்தோரையில் 1970-இல் செயல்படத் தொடங்கிய ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அந்தச் சரிவின் சாய்வு அவ்விடத்தின் அட்சரேகை அளவான ஏறத்தாழ 11 பாகை என்பதால், அதன் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைகிறது. ஒரே அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அந்தச் சரிவைத் தேடிக் கண்டவர்களை நினைத்து, அவ்வழியே போகும்போதெல்லாம் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

பனிமூட்டம் சிக்னலை மறைக்கிறது என்பது இங்கே பரவலான நம்பிக்கை. கைபேசி அலைகளுக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை பிறந்ததற்குக் காரணம் உண்டு. டவரிலிருந்து டவருக்குச் செய்தியைக் கடத்தும் வட்ட வடிவ டிஷ்களைப் பார்த்திருப்பீர்கள். அவை 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மிகச் சிறிய அலைகளில் இயங்கும்போது, கனமழையின் துளிகள் அந்த அலையை விழுங்கிவிடும். உங்கள் வீட்டுக்கும் டவருக்கும் இடையே எல்லாம் சரியாக இருந்தும் டவருக்கு வெளியுலகத் தொடர்பு அறுந்துபோகும். மின்சாரமும் அப்போதுதான் போகும். டவரின் அடியில் இரும்பு அலமாரிக்குள் 48 வோல்ட் பேட்டரி வரிசை இருக்கும். அது சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர், அதற்கு டீசல், டீசல் வர சாலை. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன நிலச்சரிவுகளின்போது, சாலைகள் பல இடங்களில் அறுந்த நிலையில், என் பொறுப்பில் இருந்த டவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்ததைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையில் டீசல் கேனைச் சுமந்து நான்கு மைல் நடந்த இரண்டு தொழிலாளர்களால் ஒரே ஒரு டவரை மட்டும் உயிரோடு வைத்திருக்க முடிந்தது.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

கோத்தகிரிக்குக் கீழே ஒரு ஹட்டி. மாலை ஆறு மணிக்கு மேல் அழைப்புகள் போவதில்லை, போனாலும் நடுவில் அறுந்துவிடுகின்றன என்று தொடர்ந்து புகார் வந்தது. கைபேசியில் நான்கு கோடும் நிறைவாகவே தெரிந்தது என்பதுதான் எல்லோரையும் குழப்பியது. அந்தக் கோடுகள் டவர் பேசுவது நமக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. நாம் பேசுவது டவருக்குக் கேட்கிறதா என்பதைக் காட்டுவதில்லை. டவர் பல பத்து வாட் திறனில் கூவுகிறது. 4ஜி கைபேசியோ அதிகபட்சம் ஒரு வாட்டில் ஐந்தில் ஒரு பங்கில் கிசுகிசுக்கிறது. அந்தக் கிசுகிசுப்பைக் கேட்பதற்கு டவரைச் சுற்றி அமைதி வேண்டும். கணினியில் பார்த்தபோது, டவரின் காதில் விழும் இரைச்சல் மாலை வேளையில் மட்டும் 20 டெசிபல் கூடியிருந்தது. நூறு மடங்கு.

அலை வரும் திசையைக் காட்டிக்கொடுக்கும், கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனாவையும் அலைக்கற்றை அளக்கும் கருவியையும் எடுத்துக்கொண்டு தேயிலைச் செடிகளுக்கு இடையே மூன்று மாலைகள் நடந்தோம். ஆன்டெனாவைத் திருப்பத் திருப்பத் திரையில் ஒரு மேடு எழும். மேடு உயரும் திசையில் நடப்போம். எதிரொலி ஏமாற்றினால் திரும்பி வருவோம். மூன்றாம் நாள் ஒரு தங்கும் விடுதியின் மொட்டை மாடியில் போய் நின்றோம். சிம்னி ஓரத்தில் சிறிய ஆன்டெனா ஒன்று டவரைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. அதிலிருந்து இறங்கிய கறுப்பு வயர் கூடத்தில் இருந்த வெள்ளைப் பெட்டிக்குச் சென்றது. இணையத்தில் வாங்கிய சிக்னல் பூஸ்டர், அதாவது வலுக்குறைந்த அலையைப் பெருக்கித் தரும் கருவி. வெளி ஆன்டெனாவுக்கும் உள் ஆன்டெனாவுக்கும் பன்னிரண்டு அடி இடைவெளிகூட இல்லை. ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் கீச்சென்று அலறுமே, அதே அலறலை அந்தப் பெட்டி டவரின் காதில் போட்டுக்கொண்டிருந்தது. விருந்தினர் வரும் மாலையில் மட்டும் விடுதிக்காரர் அதைப் போடுவார்; அதனால்தான் பகலில் எல்லாம் சரியாக இருந்தது.

பிளக்கைப் பிடுங்கிய அந்த நொடியில் திரையில் மேடு சரிந்தது. விடுதிக்காரர் நல்ல மனிதர், உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "இது அடுத்தவங்களைக் கெடுக்கும்னு யாரும் சொல்லலையே சார்" என்றார். கீழே ஹட்டியில் ஒரு மூதாட்டி சொன்னதை அவரிடம் சொன்னேன்: "மருமவளுக்கு வலி எடுத்த ராத்திரி, மவன் போனைத் தூக்கிட்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓடுனான் தம்பி. நாலு கோடு இருக்கு, கூப்பிட்டா போவல." தெரிந்தவர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதால் தாயும் பிள்ளையும் நலம். அனுமதி பெறாத பூஸ்டரை விற்பதும் வைத்திருப்பதும் நம் நாட்டில் சட்டப்படி குற்றம். அபராதத்துக்கு அஞ்சி அதைத் தவிர்ப்பதைவிட, அந்த இரவை நினைத்துத் தவிர்ப்பதையே நான் விரும்புகிறேன்.

வீட்டுக்குள் சிக்னல் இல்லாதவர்களுக்கு நேரான வழி இருக்கிறது. கேபிளோ ஃபைபரோ வழியாக இணைய இணைப்பு இருந்தால், கைபேசி அமைப்பில் வைஃபை காலிங் என்பதை இயக்குங்கள். டவரை நம்பாமல், உங்கள் எண்ணிலிருந்தே, வீட்டு இணையம் வழியாக அழைப்பு போகும். இதற்குத் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று உங்கள் நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் மின்சாரம் போனால் இதுவும் போகும். ரூட்டருக்கு ஒரு சிறிய பேட்டரி வாங்கி வைப்பது மலையில் வீண்செலவு ஆகாது.

எதுவுமே இல்லாத இரவுக்குச் சில செய்திகள். திரையில் "அவசர அழைப்புகள் மட்டும்" என்று தெரிந்தால் போனை வைத்துவிடாதீர்கள். உங்கள் நிறுவனத்தின் அலை இல்லை, ஆனால் வேறொரு நிறுவனத்தின் டவர் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதே அதன் பொருள். அப்போது 112-ஐ அழைத்தால், கைபேசி எந்த நிறுவனத்தின் டவர் வழியாகவும் அழைப்பைக் கொண்டுசெல்லும். 108-ஐ எல்லாக் கைபேசிகளும் அவ்வாறு அவசர எண்ணாக நடத்தும் என்று சொல்ல முடியாது. அதனால் அந்த நிலையில் 112-தான். சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில், பேச முயல்வதைவிடக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அதற்குச் சில நொடி தொடர்பு போதும். ஜிபிஎஸ் டவரை நம்பி இயங்குவதில்லை, 20,000 கிலோமீட்டர் உயரத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டே இடத்தைக் கணிக்கிறது. ஆகவே சிக்னல் இல்லாத காட்டிலும் நீங்கள் நிற்கும் இடத்தின் எண்களைக் கைபேசி காட்டும். வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்திருக்க வேண்டும். அலை கிடைக்காத கைபேசி ஓயாமல் டவரைத் தேடித் தேடி பேட்டரியைத் தின்னும் என்பதால், வீட்டில் நான்கு கைபேசி இருந்தால் மூன்றை அணைத்து வையுங்கள். 2023-இல் நாடெங்கும் சோதித்துப் பார்த்த செல் பிராட்காஸ்ட் என்னும் பேரிடர் எச்சரிக்கை, ஒரு டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிகளுக்கும் ஒரே நேரத்தில், நெரிசலிலும் வந்துசேரும். அந்த ஓசையைத் தொல்லை என்று கருதி அமைப்பில் நிறுத்தி வைத்தவர்கள் இன்றே திரும்ப இயக்குங்கள். பேட்டரியில் ஓடும் சிறிய வானொலிப் பெட்டி ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். அதற்கு உள்ளூர் டவர் தேவையில்லை.

எங்கே நின்றால் எந்த நிறுவனத்தின் அலை கிடைக்கும் என்பதை வெயில் நாளிலேயே நடந்து பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்; மழை இரவில் தேட முடியாது. பூஸ்டரை அகற்றிய மறுநாள் அந்த ஹட்டியின் இளைஞர்கள் நால்வருடன் சுற்றி வந்து அளந்தேன். ஹெத்தையம்மன் கோவிலுக்குப் பின்னால், எதிர்மலையைப் பார்த்து இருக்கும் தட்டைப் பாறையின் மேல் மூன்று நிறுவனங்களின் அலையும் கிடைத்தது. போன ஐப்பசி மழைக்கு முன், பாறைக்கு ஏறும் தடத்தில் இருந்த உண்ணிப் புதரை வெட்டி, வழுக்காமல் இருக்கப் படிக்கல் பதித்திருக்கிறார்கள்.