மேசை காலியானால் மூளைக்கு என்ன லாபம்?

"பொருள்களையும் வேலைகளையும் குறைத்துக்கொண்டால் மனம் ஒருமைப்படும் என்கிறார்கள். இதற்கு மூளையில் ஏதாவது காரணம் உண்டா, அல்லது சொல்லிச் சொல்லியே நம்பிவிட்டோமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காரணம் உண்டு. அதன் ஒரு பகுதியை, நியூரான் என்னும் மூளை நரம்பணுவுக்குப் பக்கத்தில் மின்முனையை வைத்தே அளந்து பார்த்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் ஒன்று என்பதால் அதைச் சற்று நிதானமாகவே சொல்கிறேன்.

ஒளி விழித்திரையில் விழுகிறது. பார்வை நரம்பு வழியாக மூளையின் பின்பகுதிக்குச் செய்தி போகிறது. இதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். அதன்பிறகு அந்தச் செய்தி படிப்படியாக மேலே போகிறது. முதல் படியில் இருக்கும் ஒவ்வொரு நியூரானும், நம் கண்முன் விரியும் காட்சியில் மிகச் சிறிய ஒரு பரப்பை மட்டும் கண்காணிக்கிறது. மேலே போகப்போக அந்தப் பரப்பு பெரிதாகிக்கொண்டே வருகிறது. அப்போது ஒரே நியூரானின் எல்லைக்குள் இரண்டு மூன்று பொருள்கள் வந்துவிடுகின்றன. அது எதைப் பற்றிச் செய்தி அனுப்புவது? ஒரே மைக்கில் இருவர் சேர்ந்து பேசினால் வரும் குழப்பம்தான் இங்கும்.

இந்தக் குழப்பத்தை மூளை எப்படித் தீர்க்கிறது என்று மோரன், டெசிமோன் என்ற இருவர் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஆராய்ந்தார்கள். முடிவு 1985-ல் வெளியானது. ரீசஸ் குரங்கு ஒன்று, திரையின் நடுவிலுள்ள புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்; கவனத்தை மட்டும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ திருப்ப வேண்டும். அப்படிப் பழக்கியிருந்தார்கள். பார்வைப் பாதையின் இடைப்படியான வி4 என்ற பகுதியில் ஒரு நியூரானை எடுத்துக்கொள்வோம். அது சிவப்புக் கோட்டைக் கண்டால் துடிக்கும், அதாவது மின்துடிப்புகளை அனுப்பும்; பச்சைக் கோட்டைப் பொருட்படுத்தாது. இரண்டு கோடுகளையும் அதன் பரப்புக்குள்ளேயே காட்டினார்கள். குரங்கு சிவப்பைக் கவனித்தபோது நியூரான் படபடவென்று துடித்தது. பச்சையைக் கவனித்தபோது துடிப்பு வெகுவாக அடங்கிவிட்டது. சிவப்புக் கோடு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. கண்ணும் அசையவில்லை. விழித்திரையில் விழும் படத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனாலும் அந்த நியூரானைப் பொறுத்தவரை சிவப்பு ஏறக்குறைய மறைந்தே போயிற்று!

இதைவிட அழகானது அடுத்த கட்டம். பச்சைக் கோட்டை அந்தப் பரப்புக்கு வெளியே நகர்த்தி வைத்துவிட்டு, குரங்கை அதையே கவனிக்கச் செய்தார்கள். இப்போது நியூரான் சிவப்புக்கு வழக்கம்போலவே துடித்தது. பரப்புக்குள் போட்டிக்கு ஆள் இருந்தபோதுதான் கவனம் வந்து ஒன்றை அடக்கியது. போட்டி இல்லாத இடத்தில் அடக்கும் வேலையே எழவில்லை.

மனிதர்களிடமும் இதையொட்டிய ஒன்றை 1998-ல் சபீன் காஸ்ட்னரும் அவருடைய குழுவினரும் எம்.ஆர்.ஐ. கருவியில் கண்டார்கள். நான்கு படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால் வி4 பகுதியின் செயல்பாட்டில் நல்ல எழுச்சி தெரிந்தது. அதே நான்கையும் ஒரே நேரத்தில் காட்டினால் எழுச்சி குறைந்தது. படங்கள் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டன. ஒரு படத்தின்மேல் கவனத்தை வைத்தவுடன் அந்த அமுக்கம் தளர்ந்தது. சில ஆண்டுகளில் இன்னொன்றும் தெரிந்தது: படங்களைத் தள்ளித் தள்ளி வைத்தாலே வி4-ல் அமுக்கம் குறைகிறது. கவனத்தைச் செலவழிக்காமல், இடைவெளியாலேயே கிடைத்த ஆதாயம் அது.

ஆய்வகத் திரையிலிருந்து நம் மேசைக்கு வருவது ஓர் ஊகம்தான். ஆனால் நியாயமான ஊகம் என்றே நினைக்கிறேன். படித்துக்கொண்டிருக்கும் தாளுக்குப் பக்கத்தில் செல்பேசி, பிரிக்காத உறை, பாதி குடித்த கோப்பை எல்லாம் கிடந்தால், தாளை முன்னுக்குக் கொண்டுவர மூளை ஒவ்வொரு கணமும் மற்றவற்றைப் பின்னுக்குத் தள்ளவேண்டியிருக்கும். மேசையைக் காலிசெய்பவர் அந்த உழைப்பை முன்கூட்டியே கையால் செய்துவிடுகிறார். எளிமையை மன உறுதியின் பரீட்சையாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மன உறுதி தேவைப்படும் தருணங்களைக் குறைப்பதுதான் அதன் பயன். தேவையற்ற பொருள்கள் "எதிர்மறை ஆற்றலை" வெளியிடுகின்றன என்று சொல்லிப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஓர் ஆற்றலை எந்தக் கருவியும் அளந்ததில்லை. உண்மையான காரணம் இவ்வளவு அருமையாக இருக்கும்போது பொய்க் காரணம் எதற்கு? இன்னொன்றும் சொல்லவேண்டும். குரங்கு கோடு பார்ப்பதை அளப்பதற்கு மக்கள் பணமா என்று கேட்பது எளிது. உடனடிப் பயனைக் காட்டினால்தான் நிதி என்று அன்று பிடிவாதம் பிடித்திருந்தால், கவனம் எப்படி வேலை செய்கிறது என்ற இந்த அடிப்படை நமக்குக் கிடைத்திருக்காது. அடிப்படை ஆய்வுக்குக் கேள்வி கேட்காமல் பணம் ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவில்லை. வேறு கேள்விகளைக் கேளுங்கள் என்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத குவியலும் ஒன்று உண்டு: முடிக்காத வேலைகள். ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்திக்கொள்ள முடிவது ஏறத்தாழ நான்கு விஷயங்களைத்தான் என்று 2001-ல் உளவியலாளர் நெல்சன் கோவன் மதிப்பிட்டார். அந்தச் சிறிய இடத்துக்குள் பாதியில் விட்ட வேலை அடிக்கடி எட்டிப் பார்க்கிறது. ஒரு வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவினால் கவனத்தின் ஒரு துண்டு பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் எழுதினார்.

அப்படியானால் எல்லா வேலையையும் முடித்துவிட்டுத்தான் நிம்மதியாக உட்கார முடியுமா? அது யாருக்கும் நடக்காது. மாசிகாம்போ, பவுமைஸ்டர் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. சிலரை, செய்யாமல் கிடக்கும் முக்கியமான வேலைகளைப் பற்றி எழுதச் சொன்னார்கள். வேறு சிலரை, அவற்றை எப்படி முடிக்கப்போகிறோம் என்ற திட்டத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். பிறகு எல்லோருக்கும் ஒரு கதைப் பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வேலையை மட்டும் எழுதியவர்களுக்குப் படிக்கும்போது அந்த நினைவு குறுக்கே வந்துகொண்டே இருந்தது. திட்டம் எழுதியவர்களுக்கு அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய வேலைகளில் ஒன்றுகூட அப்போது முடிந்திருக்கவில்லை.