காய்ந்த சுவர், ஈரமான உள்புறம்

குழாய் உடைந்தோ வெள்ளம் புகுந்தோ வீடு நனைந்தால் முதலில் தரையைத் துடைக்கிறோம், மின்விசிறியைச் சுழலவிடுகிறோம். இரண்டு நாள் கழித்துச் சுவரைத் தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருக்கும். அதை நம்பக் கூடாது. மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவரென்றால், பலகைக்குப் பின்னால் வெப்பக்காப்புக்காகத் திணித்த கண்ணாடிக் கம்பளி, அதாவது கண்ணாடி இழைப் பஞ்சு, இன்னும் ஊறிக் கிடக்கலாம்.

வெப்பத்தைத் தடுப்பதில் பெரும்பங்கு இழைகளுக்கிடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுக்கே உரியது. அந்த இடத்தில் புகும் தண்ணீரோ காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். காப்பு போய்விடுகிறது, ஈரம் மட்டும் தங்கிவிடுகிறது.

பூஞ்சை வித்துகள் காற்றில் எப்போதும் உண்டு. கண்ணாடி அவற்றுக்கு உணவாகாது. ஆனால் கம்பளியில் ஒட்டிய காகிதம், ஜிப்சம் பலகையின் காகித உறை, மரச்சட்டம், இழைகளில் படிந்த தூசி எல்லாமே உணவுதான். ஈரமும் சேர்ந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வளர்ச்சி தொடங்கிவிடலாம்.

ஆகவே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுப் பலகையை வெட்டித் திறக்க வேண்டும். ஜிப்சம் தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சும். கறை தெரியும் கோட்டுக்கு ஓரடியாவது மேலே வெட்டுவது நல்லது. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். பழைய கட்டடமென்றால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கிறதா என்று சோதிக்காமல் கை வைக்கக் கூடாது.

நனைந்த கண்ணாடிக் கம்பளியைக் காயவைத்துத் திரும்பப் பொருத்தும் சிக்கனம் பெரும்பாலும் வீண். அழுந்திய கம்பளி பழைய பருமனுக்கு எளிதில் மீளாது. காகிதக்கூழ்க் காப்பு நனைந்தால் கூழாகச் சரிந்துவிடும்; தீயையும் பூஞ்சையையும் தடுக்க அதில் கலந்த போரேட் உப்பும் கரைந்து வெளியேறலாம். அதை அகற்றுவதே வழி. மூடிய நுண்ணறைகள் கொண்ட நுரைப்பலகை அவ்வளவாக நீர் குடிக்காது. நல்ல தண்ணீரில் நனைந்திருந்தால் கழுவி உலர்த்தலாம், அதன் பின்புறத்தையும் பார்த்துவிட வேண்டும். சாக்கடை நீர் கலந்திருந்தால் உறிஞ்சும் தன்மையுள்ள எதையும் வைத்திருக்கக் கூடாது.

பிளீச் தெளித்தால் போதும் என்பார்கள். நிறம் வெளுக்கும், அவ்வளவுதான். நுண்துளைகளுக்குள் வேரோடியது அங்கேயே இருக்கும். செத்த பூஞ்சையும் ஒவ்வாமை தரும்.

திறந்த சுவரை ஈரம் நீக்கும் கருவி வைத்து உலர்த்தலாம். எப்போது மூடுவது என்பதை ஈரப்பதமானி சொல்லட்டும். மரத்தில் 20 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் மூடவே கூடாது. 15-ஐ ஒட்டி இறங்கும்வரை பொறுக்கலாம், அதற்கு வாரக்கணக்கில்கூட ஆகலாம். ஈரப்பதமானியின் ஊசியை அடிச்சட்டத்தில், அதாவது சுவரின் அடியில் படுத்திருக்கும் மரத்தில், குத்திப் பார்ப்பது முக்கியம். தண்ணீர் இறங்கித் தேங்குவதால் கடைசியாகக் காய்வது பெரும்பாலும் அதுதான்.