வழவழன்னு தெரிஞ்சா இறக்கிரலாமா?

இந்த வருசத்துல இது நாலாவது டீம். ரோவர், அதான் வேற கோள்ல ஓட்டுத வண்டி, அந்தப் போட்டிக்கு பிராஜெக்ட் பண்ணுத காலேஜ் பிள்ளைங்க, நிலா படத்துல ஒரு வட்டம் போட்டு எடுத்துட்டு வருதாங்க, "சார், இங்கன ஒரு கல்லு கூட இல்ல, வழவழன்னு இருக்கு, லேண்டரை இறக்கிரலாம்." செயற்கைக்கோள் படத்துல நிலத்தை அளக்குறதுதான் எனக்கு வேலை, அந்த ஆதங்கத்துல சொல்லுதேன், படத்துல கல்லு தெரியலன்னா கல்லு இல்லன்னு அர்த்தம் இல்ல.

நிலாவைச் சுத்துத சந்திரயான்-2 ஆர்பிட்டர் கேமராவுலயே ஒரு பிக்சல்னா தரையில சுமார் 30 செ.மீ. பாறைன்னு அடையாளம் தெரியவே நாலஞ்சு பிக்சல் வேணும், உங்க வண்டியக் கவுக்க அதுல பாதிக் கல்லு போதும். உச்சி வெயில்ல எடுத்த படம்னா நிழலே விழாது, பள்ளமும் மேடும் ஒரே மட்டமாத் தெரியும். 1976ல செவ்வாய்க்குப் போன வைக்கிங் 1 லேண்டரை ஜூலை 4 அன்னிக்கு இறக்குறதா இருந்து, இடம் கரடுமுரடுன்னு தெரிஞ்சதும் வேற இடம் தேடி ஜூலை 20ல இறக்குனாங்க. அவ்வளவு பாத்தும் எட்டு மீட்டர் தள்ளி ரெண்டு மீட்டர் அகலப் பாறை ஒண்ணு கிடந்துச்சு.

சரி, கல்லே இல்லன்னு வைங்க. மண்ணு? போன மாசம் ஒரு டீமை வண்டியோட இட்டமொழித் தேரிக்கு, அந்தச் செம்மணல் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். செம்மண்ணைச் சலிச்சுப் பரப்புனாப்ல அவ்வளவு அழகா இருந்துச்சு. ரெண்டு முழம் போகல, வீலு சுத்துது வண்டி நகரல, ஒரு பிள்ளை ஸ்பீடைக் கூட்டுச்சு, அச்சு வரைக்கும் உள்ள போயிட்டு. நாங்க கையால தூக்கிட்டோம். செவ்வாயில 2009ல ஸ்பிரிட் ரோவர் இப்படித்தான் மாட்டுச்சு, கடைசி வரைக்கும் வெளிய வரல.

மத்தியானம் கால் வைக்க முடியாத தேரி மண்ணு பொழுது சாஞ்சதும் சீக்கிரமே ஆறிரும், பாறையில ராத்திரி உக்காந்தாலும் சூடு இருக்கும். செவ்வாயிலயும் இதே கணக்குதான், சீக்கிரம் ஆறுனா மணல், சூடு நின்னா பாறை, சுத்தி வர்ற விண்கலம் ராத்திரி வெப்பத்தை அளந்த டேட்டா சும்மாவே கிடைக்கு, ஒருத்தரும் திறந்து பாக்குறதில்ல!

வட்டம் போடுததுக்கு முன்னாடி வேற வேற கோணத்துல எடுத்த ரெண்டு படத்தை வச்சு மேடு பள்ளத்தோட உயரத்தைக் கணக்குப் போடுங்க. சரிவைக் கிலோமீட்டர் கணக்குல அளக்காதீங்க, லேண்டரோட காலுக்கும் காலுக்கும் உள்ள தூரத்துக்கு அளங்க, சந்திரயானோட விக்ரம் லேண்டர் தாங்குததே 12 டிகிரிதான். ஒத்தப் புள்ளியைக் குறிக்காதீங்கடே, சரியா அதுலயே இறங்கும்னு சொல்ல முடியாது, சந்திரயான்-2க்கு அரை கிலோமீட்டர் சதுரமா இருந்த இடத்தை சந்திரயான்-3க்கு 4க்கு 2.4 கிலோமீட்டரா விரிச்சாங்க, அந்தப் பரப்பு முழுக்க நல்லா இருக்கணும். இறங்குனப்புறம் ஓட்டவும் வழி வேணும், சந்திரயான்-3 ரோவர் பிரக்யானுக்கே மூணு மீட்டர் முன்னால நாலு மீட்டர் அகலப் பள்ளம் வந்து, வேற பாதையில திருப்புனாங்க.

இஸ்ரோ ராக்கெட் எஞ்சினைச் சோதிக்குத மகேந்திரகிரியைப் பாத்து வளந்த பிள்ளைங்க நீங்க. வட்டம் போடாத படத்தை எடுத்துட்டு வாங்க, ராத்திரி எத்தன மணி ஆனாலும் சேந்து உக்காந்து பாப்போம்.