பழைய ஸ்டோரேஜுக்கு நாஸ் கேட்வே வாங்கப் போகிறீர்களா?

சான் ஸ்டோரேஜ் (தனி நெட்வொர்க் வழியாகச் சர்வர்களுக்கு டிஸ்க் இடம் கொடுக்கும் பெட்டி) ஏற்கெனவே இருக்கிறது, இடமும் காலியாகக் கிடக்கிறது, அதற்கு முன்னால் ஒரு நாஸ் (நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் ஸ்டோரேஜ்) கேட்வேயைப் போட்டு எல்லாருக்கும் ஷேர் ஃபோல்டர் கொடுத்துவிடலாமா என்று கேட்கிற அலுவலகங்கள் இன்றைக்கும் நிறைய இருக்கின்றன. நியாயமான கேள்விதான். லட்சக்கணக்கில் செலவழித்து வாங்கிய பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதைத் தூக்கிப்போட யாருக்கு மனசு வரும்? ஆனால் கொட்டேஷன் வாங்கும் நேரத்தில் எல்லாரும் கேட்வேயைத்தான் துருவித் துருவிப் பார்க்கிறார்கள், பின்னால் இருக்கும் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் பார்த்தவரை சிக்கல் முக்கால்வாசி அங்கிருந்துதான் வருகிறது.

கேட்வே என்பது தனக்கென்று டிஸ்க் இல்லாத ஃபைல் சர்வர், அவ்வளவுதான். ஃபைபர் சேனல் அல்லது ஐஸ்கஸி என்ற இணைப்பு வழியாக ஸ்டோரேஜிலிருந்து லன்களை (ஸ்டோரேஜ் தனி டிஸ்க் போலப் பிரித்துக் கொடுக்கும் பகுதிகளை) வாங்கி, அவற்றின் மேல் தன்னுடைய ஃபைல் சிஸ்டத்தை (ஃபைல்களை டிஸ்க்கில் அடுக்கிவைக்கும் முறை) போட்டு, விண்டோஸுக்கு எஸ்எம்பி, லினக்ஸுக்கு என்எஃப்எஸ் என்ற ஃபைல் பகிரும் முறைகளில் கொடுக்கிறது. முன்பு விற்ற நெட்ஆப் வி-சீரிஸ், இஎம்சி செலெரா கேட்வே எல்லாம் இந்த வகைதான். இரண்டு லினக்ஸ் சர்வரில் சம்பாவையும் (ஃபைல் பகிரும் மென்பொருள்) பேஸ்மேக்கரையும் (ஒரு சர்வர் போனால் மற்றதற்கு மாற்றும் மென்பொருள்) போட்டு நீங்களே கட்டினாலும் வேலை இதேதான். தன்னுடைய ஃபைல் சிஸ்டத்தைப் போடுகிறது என்பதைக் கவனியுங்கள். லன்னில் ஏற்கெனவே விண்டோஸின் ஃபைல் சிஸ்டமான என்டிஎஃப்எஸ்ஸில் இருக்கும் டேட்டாவை அது அப்படியே எடுத்துக் கொடுக்காது. புது லன் கொடுத்து, டேட்டாவை அதற்குக் காப்பி எடுத்து, எல்லாம் சரிபார்த்த பிறகுதான் பழையதை அழிக்க முடியும். 10 டிபி இருந்தால் இன்னொரு 10 டிபி காலியிடம் வேண்டும். ஒரு ஜிகாபிட் லைனில் நொடிக்கு 110 எம்பி முழுசாகக் கிடைத்தாலும் அந்த 10 டிபி போய்ச்சேர ஒரு நாளுக்கு மேல் ஆகும், சின்னச் சின்ன ஃபைல்களாக இருந்தால் அதைப்போலப் பல மடங்கு.

அடுத்தது ஏஎம்சி, அதாவது வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம். ஸ்டோரேஜின் ஏஎம்சி இரண்டு வருஷத்துக்குள் முடிகிறது, அதற்கு மேல் கம்பெனி நீட்டிக்காது என்றால் கேட்வே வாங்காதீர்கள், அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து டிஸ்க்கோடு வரும் நாஸாகவே வாங்கிவிடுங்கள். ஏஎம்சி மிச்சம் இருந்தால், உங்கள் ஸ்டோரேஜின் மாடலும் ஃபர்ம்வேர் வெர்ஷனும் கேட்வே கம்பெனியின் சப்போர்ட் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். “ஃபைபர் சேனல்தானே சார், எதோடும் பேசும்” என்பது பதில் இல்லை. நாளைக்கு ஒரு லன் காணாமல் போனால் இந்தக் கம்பெனி அந்தக் கம்பெனியைக் கைகாட்டும், அது இதைக் கைகாட்டும், நடுவில் உங்கள் அலுவலகம் வேலை செய்ய முடியாமல் உட்கார்ந்திருக்கும்.

ரொம்பப் பேர் தடுக்கி விழுகிற இடம் தின் புரொவிஷனிங். ஸ்டோரேஜ் 20 டிபி லன் என்று சொல்லிக் கொடுக்கும், உண்மையில் எழுத எழுதத்தான் பூலிலிருந்து (டிஸ்க்குகளின் பொதுவான இருப்பு) இடம் எடுக்கும். ஒருவர் ஷேரிலிருந்து 5 டிபி பழைய வீடியோவை அழிக்கிறார், கேட்வே திரையில் 5 டிபி காலி என்று வருகிறது. ஆனால் அழித்த செய்தி ஸ்டோரேஜுக்குப் போகவில்லை என்றால் அந்த இடம் பூலுக்குத் திரும்பாது. இப்படியே ஓடி ஒருநாள் கேட்வே பாதிக்குப் பாதி காலி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் பூல் நிரம்பிவிடும். ஸ்டோரேஜ் எழுத விடாது, ஃபைல் சிஸ்டம் எரர் அடித்து நின்றுவிடும். முன்னால் மட்டும் பார்க்கிற ஆளுக்கு என்ன நடந்தது என்றே புரியாது. அதனால் அழித்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லும் அன்மேப் கட்டளை கேட்வேயிலிருந்து ஸ்டோரேஜ் வரை போய்ச் சேர்கிறதா என்று டெமோவிலேயே காட்டச் சொல்லுங்கள்: ஒரு பெரிய ஃபைலை எழுதி, அழித்து, பூலில் பயன்படுத்திய அளவு குறைகிறதா என்று ஸ்டோரேஜின் திரையில் பாருங்கள். குறையவில்லையா, தின் வேண்டாம், லன்னை முழு அளவுக்கே ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டு கேட்வே போட்டு ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும் என்பார்கள். எப்படி எடுத்துக்கொள்ளும் என்று கேளுங்கள். முதல் சர்வர் உண்மையில் சாகாமல் நெட்வொர்க் மட்டும் அறுந்திருந்தால், மற்றது அதைச் செத்ததாக எண்ணி வேலையை எடுத்துக்கொள்ளும், இரண்டும் ஒரே லன்னில் ஒரே நேரத்தில் எழுதி ஃபைல் சிஸ்டத்தையே சிதைத்துவிடும். பழைய ஆளின் மின்சாரத்தை வெட்டியோ, ஸ்கஸி ரிசர்வேஷன் (லன்னில் யார் எழுதலாம் என்று ஸ்டோரேஜில் போடும் பூட்டு) மூலமோ அதை எழுதவிடாமல் தடுத்த பிறகே புது ஆள் லன்னைத் தொட வேண்டும். டெமோவில் சர்வரை அழகாக ஷட்டவுன் செய்து காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், ஃபைல் காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள்.

இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தைப் போட்டால் டேட்டா தானாகவே சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்டோரேஜ் கொடுத்த ஒரே லன்னில் போட்டால் அது கெட்டுப்போனதைக் கண்டுபிடிக்கும், ஆனால் ஃபைலைச் சரிசெய்ய அதனிடம் இன்னொரு நகல் இருக்காது. ஸ்டோரேஜில் எடுக்கும் ஸ்னாப்ஷாட்டிலும் (ஒரு கணத்தில் டேட்டா இருந்த நிலையின் பதிவு) கவனம் வேண்டும், ஒரு ஃபைல் சிஸ்டம் நாலு லன்களில் பரவியிருந்தால் நாலையும் ஒரே கணத்தில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மீட்டெடுக்கும்போது ஒன்றோடு ஒன்று ஒட்டாது.

அப்புறம் ஜெராக்ஸ் மெஷின். பழைய மெஷின்கள் ஸ்கேன் செய்து ஷேர் ஃபோல்டரில் போட எஸ்எம்பி 1 (எஸ்எம்பியின் பழைய வெர்ஷன்) கேட்கும், புது கேட்வேயில் அது மூடியிருக்கும். உடனே யாராவது “அதை ஆன் பண்ணிடுங்க” என்பார். பண்ணாதீர்கள். 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்கப் பரவியது எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ஸ்கேன் மெயிலுக்குப் போகட்டும், அல்லது மெஷினுக்கு மட்டும் தனி வழி செய்யுங்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைக்கும் அலுவலகங்கள் கவனிக்க இன்னொன்று இருக்கிறது, இதை எந்த வெண்டரும் சொல்ல மாட்டார். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் பெயர் 255 குறியீடுகள் வரை போகலாம். லினக்ஸ் கேட்வேயில் ஃபைல் சிஸ்டம் எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 எதுவானாலும் எல்லை 255 பைட். எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் பிடிக்கும், புள்ளியும் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறியீடுகள். ‘தீர்மானம்’ பார்வைக்கு 5 எழுத்து, கணக்கில் 9 குறியீடு, 27 பைட். ஆக மொத்தம் 85 குறியீடுதான் கொள்ளும், நம் எழுத்துக் கணக்கில் ஐம்பதைத் தொடுவதற்குள்ளேயே முடிந்துபோகலாம். கடிதத்தின் பொருளையே முழுசாக ஃபைல் பெயராக வைக்கும் பழக்கம் நிறைய இடங்களில் உண்டு, அவையெல்லாம் காப்பியின்போது எரர் அடித்து நிற்கும், ராத்திரி ஓடவிட்ட காப்பியில் லாக்கை யாரும் படிக்காவிட்டால் விட்டுப்போனதே தெரியாது. ஆர்டர் போடுவதற்கு முன்பே பழைய சர்வரில் 80 குறியீட்டைத் தாண்டும் பெயர்களை ஒரு ஸ்கிரிப்டால் பட்டியல் எடுத்து, அந்தந்தப் பிரிவுக்காரர்களிடமே கொடுத்துச் சுருக்கச் சொல்லிவிடுங்கள். காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைல் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பார்க்காமல் பழைய லன்னில் கை வைக்காதீர்கள்.